எழுதிய மெஷின் சாட்சி ஆகாது

போன மாதம் எங்கள் தெரு மருந்துக் கடைக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனேன். கடைக்காரத் தம்பி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் வரை இடது பக்கம் இருந்த பட்டன்கள் எல்லாம் வலது பக்கம் போய்விட்டன. பில் போடும் இடத்தைக் காணவில்லை. வரிசையில் என்னையும் சேர்த்து ஏழு பேர்.

"யாருப்பா மாத்தினது?" என்று கேட்டேன்.

"யாரும் மாத்தல சார். காலைல கடை தொறந்தேன், அப்டேட் ஆயிடுச்சுன்னு வந்துச்சு."

"கொண்டாந்து போட்டது யாரு?"

"யாரும் வரல சார். அதுவா வந்துடுச்சு."

"உன்னைக் கேட்டுட்டுத்தான போட்டாங்க?"

"கேக்கவே இல்லியே."

எனக்குப் பின்னால் நின்றவர், "பெரியவரே, மாத்திரைய வாங்கிக்கினு கொஞ்சம் நவுருங்க. கம்ப்யூட்டரை சாயங்காலமா விசாரிச்சுக்கலாம்" என்றார். நகர்ந்துகொண்டேன். ஆனால் வீடு வந்து சேரும் வரை மனசு கேட்கவில்லை. ஏனென்றால் முப்பத்தொரு வருடம் நான் செய்த வேலை அதுதான். புரோகிராமைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. விழுப்புரத்தில் எழுதியதைத் திண்டிவனத்தில் ஓட வைப்பது. என்னிடம் வேலை பழகி இப்போது சென்னையில் இருக்கும் இரண்டு பேரிடம் இந்த மருந்துக் கடை விஷயத்தைச் சொன்னேன். அப்போதெல்லாம் எப்படி சார் செய்தீர்கள், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் ஆயிரம் ஊருக்குப் புரோகிராம் போய்விடும் என்பது அவர்கள் அறிந்த உலகம். எனக்கு அது திண்டிவனம் பஸ்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணிதத்தில் பட்டம், சென்னையில் ஆறு மாதப் பயிற்சி, பிறகு விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் வேலை. பர்சனல் கம்ப்யூட்டர் எங்கள் பக்கத்துக்கு அப்போதுதான் வந்திருந்தது. மாடியில் மூன்று மெஷின், ஐந்து நாற்காலி, ஆறு பேர். எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும். பெரும்பாலும் எங்கள் முதலாளி கிருபாகரன் சார்தான் நிற்பார்.

அவர் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்துவிட்டு, பத்து வருடம் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் ரிப்பேர் செய்தவர். அதிர்ந்து பேச மாட்டார். ஒரு வேலை முடிந்தது என்று போய்ச் சொன்னால், "அப்படியா" என்பார். பாராட்டு அல்ல அது, கேள்வி. முடிந்தது என்று எப்படித் தெரியும் என்று அர்த்தம். பதில் சொல்லும் வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் காலத்தில் ஒரு புரோகிராமைக் கொண்டுபோவது என்றால் பிளாப்பியில்தான். இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய, கறுப்பான, வளைகிற சதுரம். நடுவில் ஒரு வட்ட ஓட்டை, அதற்குக் கீழே நீள்வட்டமாக ஒரு சன்னல். அந்தச் சன்னலில் விரல் படக் கூடாது, வெயில் படக் கூடாது, காந்தம் பக்கத்தில் வரக் கூடாது. எங்கள் நெல் மில் புரோகிராம் ஒன்பது பிளாப்பி. ஒன்பதில் ஒன்று கெட்டாலும் மீதி எட்டும் வீண்.

கிருபாகரன் சாரின் முறை இப்படி. முதல் மெஷினில் ஒன்பது பிளாப்பியையும் எழுத வேண்டும். பிறகு அவற்றை மூன்றாவது மெஷினுக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாகப் போட்டு, முழுக்கப் படிக்க வைக்க வேண்டும். எழுதிய மெஷினிலேயே படித்துப் பார்த்துவிட்டு வந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். "எழுதின மெஷின் சாட்சி ஆகாது சேகர். அது எழுதினது அதுக்குப் புரியும். ஊருக்குப் புரியணுமே" என்பார். மூன்றாவது மெஷின் எங்களிடம் இருந்ததிலேயே பழையது. மெதுவாக ஓடும். அதற்கு நாங்கள் வைத்த பெயரே சாட்சி.

படித்து முடித்ததும் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து ரப்பர் பேண்டு போடுவேன். ஒரு செட் தோள்பையில், அதன் பிரதி சாப்பாட்டுக் கூடையில். பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்காரக் கூடாது, இஞ்சின் சூடு. பாட்டுப் பெட்டியின் ஸ்பீக்கருக்குக் கீழே உட்காரக் கூடாது, உள்ளே காந்தம். ஜன்னலோரமும் கூடாது. ஆக நடுவரிசை, உள்பக்க இருக்கை. அது காலியாக இல்லாவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததுக்கு நிற்பேன். ஒரு கண்டக்டர் மடியில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "எக்ஸ்ரேவா சார்?" என்றார். விளக்கப் போனால் நேரமாகும் என்று தலையாட்டிவிட்டேன். அதிலிருந்து மாதம் இரண்டு முறை, "ஊட்ல இன்னும் குணமாவலியா சார்? ஜிப்மருக்கு இட்டுக்கினு போய்ப் பாருங்களேன்" என்று அக்கறையாக விசாரிப்பார்.

போய்ச் சேர்ந்த இடத்திலும் உடனே ஆரம்பிக்க முடியாது. வெள்ளிக்கிழமை பத்தரைக்குள் தொடங்காவிட்டால் பன்னிரண்டு வரை ராகு காலம். சூடம் காட்டிய பிறகுதான் பிளாப்பியை உள்ளே விடுவார்கள். புதிய புரோகிராம் ஓடியதும், அந்த இடத்து ஆள் அதில் ஒரு பில்லாவது தன் கையால் போட்டுப் பார்த்த பிறகே நான் கிளம்ப வேண்டும். பழைய பிளாப்பிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வர வேண்டும். "பழசும் புதுசும் ஒரே எடத்துல இருந்தா என்னிக்காவது மாத்திப் போட்டுடுவாங்க" என்பது சார் வாக்கு.

இதெல்லாம் மாறியதை நான் படிப்படியாகப் பார்த்தேன். கெட்டி உறை போட்ட சின்ன பிளாப்பி வந்தது, சட்டைப் பையில் அடங்கியது. பிறகு சிடி. ஒன்பதும் பத்துமாகக் கொண்டுபோனது ஒற்றைத் தட்டில் போய், மீதி இடம் கடலாகக் கிடந்தது. பிறகு மோடம். டெலிபோன் கம்பி வழியாகப் புரோகிராம் போனது. மழை பெய்தால் லைன் அறுந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிறகு பென் டிரைவ், கூடவே வைரஸ். பிறகு இன்டர்நெட். இப்போது கடையில் இருப்பது வெறும் திரை. புரோகிராம் எந்த ஊரில் இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்று ஒரு சின்னத் தவறைத் திருத்திக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு இரண்டு வாரம் ஆகும். இன்று ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அது பெரிய வசதி, நான் மறுக்கவில்லை. என்னை அரிக்கிற விஷயம் வேறு. அன்று ஒரு தவறு அடுத்த ஊருக்குப் போக வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். வழியில் யாராவது கவனித்துவிட வாய்ப்பு உண்டு. இன்று எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருகிறது. போய்ச் சேர்ந்தது சரியாக இருக்கிறதா என்று வேறொரு மெஷினில் வேறொரு ஆள் பார்த்தாரா என்பதை யாரிடம் கேட்பது? நான் இப்படிக் கவலைப்படுவதற்குக் காரணம் திண்டிவனத்து நெல் மில் ஒன்றில் நடந்தது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மில்லின் முதலாளி கோதண்டபாணி. அவரே விவசாயி, ஊரில் நிலம் வைத்து சம்பா பயிர் செய்கிறவர். மில்லில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது நூர்ஜஹான் என்ற பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அவள் அத்தா, அதாவது அப்பா, பல வருடம் ஜித்தாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அந்தக் குடும்பத்தில் வேலைக்கு என்று வெளியூர் போன முதல் பெண் அவள். வீட்டில் சம்மதம் வாங்கவே ஒரு வருடம் ஆனது என்று ஒருமுறை சொன்னாள்.

எந்த விவசாயி எத்தனை மூட்டை நெல் கொண்டுவந்து போட்டார், அதில் எவ்வளவு அரைத்தாயிற்று, எவ்வளவு இருப்பு என்பதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கில் இருந்தது. அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதற்காக, தினமும் அதைப் பிளாப்பியில் நகல் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தோம். நூர்ஜஹான் ஆறு பிளாப்பி வைத்திருந்தாள். திங்கள், செவ்வாய், புதன் என்று ஆறு நாளுக்கு ஆறு. லேபிளில் குண்டுகுண்டாக அவள் கையெழுத்து.

அந்தத் தை மாதத்துக்கு முன் எங்கள் புதிய புரோகிராம் வந்தது. அது அதிகம் கொள்ளும் புது வகைப் பிளாப்பியில் இருந்ததால், மில்லில் இருந்த பழைய பிளாப்பி டிரைவ் அதைப் படிக்காது. அதனால் நான் ஒரு புதன்கிழமை மத்தியானம் போய், பழைய டிரைவைக் கழற்றி முதலாளி கையில் கொடுத்துவிட்டு, புதியதை மாட்டி, புரோகிராமையும் போட்டுவிட்டு வந்தேன். புது டிரைவ் பழைய வகைப் பிளாப்பியையும் படிக்கும். அன்று காலையே நூர்ஜஹான் தன் நகலை எடுத்துவிட்டிருந்தாள். மறுநாள் போகி. அப்புறம் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். நான்கு நாளும் மில் மூடியிருந்தது.

திங்கட்கிழமை திறந்து மெஷினைப் போட்டார்கள். ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. நான் வேறு ஹார்டு டிஸ்க் எடுத்துக்கொண்டு ஓடினேன். மாட்டி, புரோகிராமைப் போட்டு, நூர்ஜஹானின் புதன்கிழமைப் பிளாப்பியை உள்ளே விட்டேன். படிக்க முடியவில்லை என்று வந்தது. செவ்வாய் போட்டேன். அதே பதில். ஆறும் அப்படியே.

மில் வாசலில் அறுவடை முடிந்து நெல் கொண்டுவந்த வண்டிகள் நின்றன. பெருமுக்கல்லிலிருந்து வந்த ஒருவர், "என் மூட்டை எண்பத்திரண்டு சாமி, எண்பத்திரண்டு" என்று உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். கோதண்டபாணி பிளாப்பிகளை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"இன்னா நூர்ஜஹான் இது? ஆறும் காலி."

"காலி இல்ல மொதலாளி. தெனமும் எழுதினேன்."

"எழுதினா வரணும்ல? தெனமும் அரை மணி நேரம் காப்பி எடுக்கறேன் காப்பி எடுக்கறேன்னு ஒக்காந்துக்கினு இருந்தியே, இன்னா எடுத்த? கதை புக் படிச்சியா?"

"ஆண்டவன் மேல சத்தியமா எழுதினேன்."

"ஆண்டவனை ஏன் இதுல இழுக்கற. புதன்கெழமை வரைக்கும் பாக்கறேன். இந்தப் பிளாப்பியில எழுதினதைக் காட்டிட்டின்னா இரு. இல்லன்னா உங்க அத்தாவை வரச் சொல்லி, பொய் சொன்னான்னு சொல்லித்தான் அனுப்புவேன். எனக்கும் ஒளிவு மறைவு தெரியாது."

எதுவுமே எழுதாத பிளாப்பிக்கும் அதே பதில்தான் வரும். எழுதினாளா இல்லையா என்று அந்த மெஷினால் சொல்ல முடியாது. நெல் கணக்கை விவசாயிகள் கையில் இருக்கும் சீட்டுகளை வாங்கி மறுபடி அடித்துவிடலாம், பத்து நாள் பேஜாரு, அவ்வளவுதான். அவள் பெயரை எந்தச் சீட்டைப் பார்த்துச் சரிசெய்வது?

மறுநாள் கிருபாகரன் சார் என்னோடு திண்டிவனம் வந்தார். ஆறு பிளாப்பியையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நூர்ஜஹானைக் கேட்டார்.

"இதுல எழுதினதைத் திரும்ப எப்பவாச்சும் படிச்சிருக்கியாம்மா?"

"தீபாவளி சமயத்துல சார். ஒரு நாள் கணக்கு தெரியாம அழிஞ்சிடுச்சு. செவ்வாக்கெழமை பிளாப்பியில இருந்து எடுத்தேன். வந்துச்சு."

"எந்த டிரைவ்ல போட்டு எடுத்த?"

"இருந்தது ஒண்ணுதான சார். பழைய டிரைவ்."

சார் முகத்தில் ஏதோ தெளிந்தது. முதலாளி பக்கம் திரும்பினார். "அந்தப் பழைய டிரைவ் எங்கங்க?"

"எது?"

"போன புதன்கெழமை இவர் கழட்டிக் குடுத்தாரே. கறுப்பா, செங்கல்லு மாதிரி."

"அதுவா. போகியில போட்டாச்சே."

சார் பிளாப்பிகளைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"இன்னா ரெண்டு பேரும் அப்படிப் பாக்கறீங்க? நீங்கதான பழசு, இனிமே ஆவாதுன்னு கழட்டிக் குடுத்தீங்க. மறுநாள் போகி. பழசைப் போகியில போடாம நடுவூட்ல மாட்டி வெச்சிக்குவாங்களா?"

"இரும்பு எரியாதுங்களே."

"எரியலதான். கூட இருந்த பிளாஸ்டிக் எரிஞ்சி தெருவே நாறுச்சு. கம்ப்யூட்டர்காரன் இன்னா எழவைக் குடுத்தான்னு எங்க ஊட்டம்மா என்னைத்தான் திட்டினா. மிச்சத்தைக் காயலான் கடைக்காரன் அள்ளிக்கினு போய்ட்டான்."

சார் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "அது கிடைச்சிருந்தா ஒரு நிமிஷ வேலை. பரவால்ல. நாளைக்கு இந்தப் பிளாப்பிங்களை விழுப்புரம் எடுத்தாங்க. நீங்களே உங்க கையால எடுத்துக்கினு வரணும். நாங்க எடுத்துப் போனா, நாங்களே எழுதிட்டோம்னு நாளைக்கு உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும்" என்றார்.

"இப்பவே வந்துச்சு" என்றார் கோதண்டபாணி.

புதன்கிழமை காலை மாடியில் நாற்காலி போதவில்லை. கோதண்டபாணி பிளாப்பிகளை மஞ்சள் பையில் வைத்து மடியில் வைத்திருந்தார். நூர்ஜஹான் அவள் அத்தாவோடு வந்திருந்தாள். அவர் ஒல்லியாக, நரைத்த தாடியோடு, சுவரோரம் போய் உட்கார்ந்தார். நான் டீ கொடுத்தபோது மெதுவாகச் சொன்னார்: "வேலை போனா போவட்டும் சார். பொய் சொன்னான்னு பேரோட வந்தா அவளுக்குப் பின்னால இருக்கற ரெண்டு பொண்ணுங்களையும் எங்கேயும் அனுப்ப முடியாது. எங்க தெருவுல வேலைக்கு அனுப்பாதன்னு சொன்னவங்க நெறைய பேரு."

சார் எல்லோருக்கும் பொதுவாக விளக்கினார். பிளாப்பியில் வட்டம் வட்டமாக எழுதும், நாற்பது வட்டம். எழுதுகிற தலை வட்டத்தின் நடுவில் ஓட வேண்டும். மில்லில் இருந்த பழைய டிரைவில் அந்தத் தலை நாளாவட்டத்தில் மயிரிழை நகர்ந்துவிட்டிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளியே எழுதியிருக்கிறது. படிக்கும்போதும் அதே அளவு தள்ளியே படித்திருக்கிறது. அதனால் அந்த மெஷினில் யாருக்கும் குறை தெரியவில்லை. நேராக இருக்கிற புது டிரைவ் வந்ததும், கோணலாக எழுதியது அதன் கண்ணில் படவில்லை.

கோதண்டபாணி, "நல்லாத்தான் சொல்றீங்க" என்றார், நம்பாத குரலில்.

சுவரோரம் இருந்தவர் தொண்டையைச் செருமினார். "ஜித்தாவுல இருந்து நான் கேசட்ல பேசிப் பேசி ஊட்டுக்கு அனுப்புவேன். அங்க என் டேப்ல போட்டா மணி மாதிரி கேக்கும். இங்க ஊட்டு டேப்ல போட்டா தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குதுன்னு எழுதுவாங்க. அது மாதிரிங்களா?"

"அதேதான் பாய். டேப்ல ஹெட் பக்கத்துல ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை லேசாத் திருப்பினா சரியாயிடும். விழுப்புரத்துல பாதி வீட்டு டேப்ல நான் அதைத் திருப்பியிருக்கேன்."

"அப்ப இதுலயும் திருப்புவீங்களா?"

"திருப்பணும். ஆனா சரியா இருக்கறதைத் திருப்பிக் கோணலாக்கணும். அந்த டிரைவ் எவ்வளவு கோணலோ அதே அளவு."

பழைய வகை டிரைவ் எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. மூன்றாவது மெஷினில், புது வகை டிரைவுக்குப் பக்கத்தில் இருந்தது. சார் அதைக் கழற்ற ஆரம்பித்தார். அதைக் கலைத்துவிட்டால் திரும்ப நேராக்கும் வரை எங்கள் மாடியிலிருந்து பழைய வகைப் பிளாப்பி ஒன்றுகூட வெளியே போக முடியாது. "சார், இது சாட்சி மெஷின்" என்றேன். "சாட்சி சொல்லத்தான் கூப்பிடறேன்" என்றார்.

முதலில் ஆறு பிளாப்பியின் ஓரத்துப் பள்ளத்திலும் வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டினார். அதை ஒட்டிவிட்டால் அந்தப் பிளாப்பியில் யாராலும் எதையும் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும். கோதண்டபாணியை அருகில் அழைத்து அதைக் காட்டினார். பிறகு தலையை நகர்த்துகிற சின்ன மோட்டார் இப்போது நிற்கும் இடத்தில் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். இரண்டு திருகுகளைத் தளர்த்தினார். மோட்டாரின் உடலை விரல் நுனியால் தொட்டார். அவர் அதைத் திருப்பினார் என்று சொல்ல முடியாது. திருப்ப நினைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். திருகை இறுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் புதன் பிளாப்பியைப் போட்டு விசையைத் தட்டினேன். கர்க், கர்க் என்று தேடிற்று. படிக்க முடியவில்லை.

"ஒண்ணு" என்றேன்.

மறுபடி தளர்த்தினார், தொட்டார், இறுக்கினார். இரண்டு. மூன்று. ஒரு பக்கமாகப் பத்து வரை போய்விட்டு, வெள்ளைக் கோட்டுக்குத் திரும்பி வந்து, மறுபக்கம் ஆரம்பித்தார். கோதண்டபாணி பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தார். "இன்னா டாக்டரே, ஆபரேசன் முடியற மாதிரி இல்லையே. ஜல்தியா சொன்னீங்கன்னா ஊட்டுக்குப் போய் சோறாவது திம்பேன்" என்றார். நூர்ஜஹான் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு டிரைவின் சின்னச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அத்தா மத்தியான லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விட்டு வருவதாகச் சொல்லி இறங்கினார்.

அவர் போன பிறகு பத்தொன்பதாவது முயற்சியில் சத்தம் மாறியது. கர்க் என்று தேடுவது நின்று, டக், டக் என்று படி இறங்குவது போல ஒரே சீராக வந்தது. சார் கையை எடுக்காமல், "தொடாத சேகர், யாரும் மேஜைய ஆட்டாதீங்க" என்றார். திரையில் பெயர்கள் வரிசையாக ஏறின. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எழுதிய தேதி, எழுதிய நேரம்.

நான் படித்தேன். போன வாரம் புதன்கிழமை தேதி, காலை ஒன்பது மணி.

கோதண்டபாணி எழுந்து வந்து திரைக்கு முன் குனிந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தானும் ஒரு முறை படித்தார். "செவ்வாய் போடுங்க" என்றார். போட்டேன். செவ்வாய்க்கிழமைத் தேதி வந்தது. "திங்கள்." வந்தது. சனியும் வியாழனும் வந்தன. வெள்ளி மட்டும் வரவில்லை.

"வெள்ளி வரலியே" என்றார்.

"அந்தப் பிளாப்பி தேஞ்சிடுச்சு மொதலாளி. போன மாசமே வேற ஒண்ணு கேட்டேன். இருக்கறதை வெச்சி ஓட்டுன்னு சொன்னீங்க" என்றாள் நூர்ஜஹான்.

அவர் பேப்பரை மடித்து மஞ்சள் பையில் வைத்தார். அதற்குள் தொழுகை முடித்து வந்தவர் வாசலிலேயே நின்று எங்கள் முகங்களைப் பார்த்தார். அவர் மகள், "வந்துடுச்சு அத்தா" என்றாள். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு, விட்ட இடத்தில் போய் உட்கார்ந்தார். கையில் இருந்த தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

நாங்கள் கணக்கு முழுவதையும் ஹார்டு டிஸ்குக்கு மாற்றி, அங்கிருந்து நேரான வேறு டிரைவில் எழுதி முடிக்க மாலை நான்கு மணி ஆனது. கிளம்பும்போது கோதண்டபாணி படியில் நின்று, "அப்ப சரி நூர்ஜஹான். நாளைலருந்து வழக்கம் போல வந்துடு" என்றார். அவர் தரப்பில் அது முடிந்துவிட்டது.

"வர்றேன் மொதலாளி. ஆனா ஒண்ணு."

"இன்னா?"

"நான் எழுதறதை வேற மெஷின்ல போட்டுப் பாக்கணும். வாரத்துக்கு ஒரு தபாவாவது."

"அதுக்கு நான் இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கணுமா? நெல்லு மில்லு நடத்தறதா, கம்ப்யூட்டர் கடை நடத்தறதா?"

"வாங்க வேணாம்" என்றார் கிருபாகரன் சார். "சனிக்கெழமை பிளாப்பியை பஸ்ல குடுத்து அனுப்புங்க. எங்க மெஷின்ல படிச்சுட்டு போன் பண்றோம். இதை நாங்க மொதல்லயே செஞ்சிருக்கணும். நாங்க எழுதினதுக்கு மட்டும் சாட்சி பாத்துக்கினு இருந்தோம். நீங்க எழுதறதுக்குப் பாக்கல."

கோதண்டபாணி அவளைப் பார்த்தார், அவள் அத்தாவைப் பார்த்தார். "செய்ங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இப்படித்தான் எங்கள் தொழிலில் ஒரு புது வழக்கம் வந்தது. அதுவரை பிளாப்பி விழுப்புரத்திலிருந்து போகும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு திரும்பியும் வந்தது. முதலில் ஒரு மில், அடுத்த பொங்கலுக்குள் பதினான்கு இடம். கழற்றிய பழைய டிரைவை வாடிக்கையாளரிடம் விட்டுவிட்டு வருவதையும் அன்றோடு நிறுத்தினோம்.

மூன்றாவது மெஷினின் டிரைவை வெள்ளைக் கோட்டுக்குத் திருப்பி நேராக்க சாருக்கு இரண்டு நாள் ஆனது. சனிக்கிழமை மத்தியானம் திண்டிவனம் பஸ்ஸில் அட்டைக்குள் வைத்து ரப்பர் பேண்டு போட்ட பிளாப்பி வந்தது. லேபிளில் அதே குண்டு எழுத்து. அதே மெஷினில் போட்டேன். முதல் முறையிலேயே சீராக ஓடியது. தேதி, நேரம், பெயர்கள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு மில்லுக்கு போன் செய்தேன். நூர்ஜஹான்தான் எடுத்தாள்.

"படிக்குதும்மா. எல்லாம் இருக்கு" என்றேன்.

"அது எனக்குத் தெரியும் சார்" என்றாள். "இருங்க, மொதலாளியைக் கூப்பிடறேன். அவருகிட்ட சொல்லுங்க."